செயின் அறும்வரை

சைக்கிள் செயினை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று அந்த நாட்களில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், அறும்போது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறைக்குக் கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். அவருக்கு சைக்கிள் ஓடவே தெரியாது, அவருக்கும் சொன்னேன். காலையில் மீன் கொண்டுவரும் சிங்களவருக்கு என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தன் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இந்த ஞானம் எனக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது. பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் அங்கே சைக்கிள் சாமான் எதுவும் வராது. பெற்றோலும் இல்லாததால் ஊரே சைக்கிளில்தான் ஓடியது. கல்யாண மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார், பிள்ளை பெறப்போன பெண்ணும் சைக்கிள் கரியரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்படி ஓடினால் செயின் தேயும், தேய்ந்தால் நீளும், நீண்டால் பல்லுச்சில்லில் இருந்து கழன்று விழும். அதற்கு நாங்கள் கண்ட மருந்து, ஒரு கண்ணியைத் தட்டிக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பொருத்துவது. மறுபடியும் நீண்டால் இன்னொரு கண்ணி. ஒரு சுத்தியலும் ஒரு முனை மழுங்கிய ஆணியும் இருந்தால் போதும், நானே குந்தியிருந்து செய்துவிடுவேன். பூசுவதற்கு கிறீஸ் கிடையாது, தேங்காய் எண்ணெய்தான். வெயில் ஏறினால் என் சைக்கிளில் இருந்து பலகாரம் பொரித்த வாசம் வரும். புதுச் செயின் வாங்கிய ஒரு மனிதரை நான் அங்கே கண்டதில்லை, வாங்குவதற்குச் செயினே இல்லை என்பதுதான் காரணம். ஆனால் இல்லாமையை நான் கொள்கை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொள்கையோடுதான் கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தேன்.

கொழும்பில் எல்லாம் கிடைத்தது. மருதானையில் ஒரு தெரு முழுக்க செயினைத் தோரணம்போலத் தொங்கவிட்டு விற்றார்கள். அங்கே போய் நான் யாரோ ஓட்டிக் களைத்த ஒரு லேடீஸ் சைக்கிளை வாங்கினேன். கடைக்காரர் புதுச் செயின் போட்டுத் தரவா என்று கேட்டார். நான் சிரித்தேன். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்றால், அறியாப் பிள்ளையைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிப்பது.

வெள்ளவத்தையில் இருந்து கிருலப்பனைக்கு அதில்தான் போய்வந்தேன், அங்கே ஒரு நேசரியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். கொழும்பில் தமிழ்ப் பெண்கள் சைக்கிள் ஓடுவதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் தனியாக சைக்கிளில் வருகிறாள் என்றால் சந்தியில் நிற்கிற ஆமிக்காரனுக்கே கொஞ்சம் நெஞ்சு இடிக்கும். பிறகு பழகிவிட்டார்கள். தேங்காய் எண்ணெய் நோனா, அதாவது தேங்காய் எண்ணெய் அம்மணி, என்று எனக்கு ஒரு பெயர் வைத்திருந்ததாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

என் கணவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளார்க். பொருள்களுக்கும் பென்சன் வயது உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. பல் துலக்கும் பிரஷ், குடை, செருப்பு, சவர பிளேட் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தவணை இருந்தது. கொலர் கொஞ்சம் நூல் விட்டால் சட்டை போய்விடும், பட்டன் ஒன்று கழன்றால் அதை வீட்டில் போடுகிற சட்டையாக இறக்கிவிடுவார். அவர் குப்பைக் கூடையில் போடுவதை நான் எடுப்பேன், நான் எடுத்து வைத்ததை அவர் கண்டுபிடித்துத் திரும்பப் போடுவார், நான் திரும்ப எடுப்பேன். எங்களுடைய குடும்ப வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தக் கூடையைச் சுற்றித்தான் நடந்தது.

"இஞ்ச பாரும், உம்மட செயின் சத்தம் போடுது. சந்தியில நீர் திரும்பக்குள்ளயே எனக்குக் கேக்குது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தோணும் அத."

"சத்தம் போடுற எல்லாத்தையும் மாத்திறதெண்டால் முதல் உங்களைத்தான் மாத்தோணும்."

"அறுந்து நடுறோட்டில நிப்பீர்."

"நிண்டால் தட்டிப் பூட்டிப்போட்டு வருவன். உங்களைப்போல கடையைத் தேடி ஓட மாட்டன்."

இந்தச் சண்டை கிழமைக்கு ஒருமுறையாவது நடக்கும். நானே வெல்லுவேன். அதாவது, அவர் பேச்சை நிறுத்திவிட்டு வானொலியைப் போடுவார், அதை நான் வெற்றி என்று கணக்கு வைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு புதுப் பேர்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். பழையதன் ஓரத்தில் தையல் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான் அது செய்த குற்றம். இருந்த காசையும் அந்தோனியார் படத்தையும் புதியதற்கு மாற்றினார், பழையதைக் கூடைக்குள் போட்டார். அவர் குளிக்கப் போனதும் நான் அதை எடுத்து அலுமாரிக்குள் பழைய துணிகளுக்கு அடியில் ஒளித்தேன். ஊசி நூல் வைக்கலாம், பட்டன் போட்டு வைக்கலாம், எதற்காவது உதவும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

மறுநாள் காலையில் அவர் தன் அம்மாவைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனார். நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார், டெலிபோன் என்றார். மாமி பேசினார். மாமியின் குரல் எப்போதும் பூசைக்குப் பாடுகிற குரல், அன்றைக்கு அது தேய்ந்துபோய் வந்தது.

"மகள், அவன ரவுண்டப்பில பிடிச்சிட்டாங்க. ஒழுங்கைய மறிச்சு எல்லாரிட்டயும் ஐடி கேட்டாங்க. இவன் பேர்ஸ்ஸ திறந்து பாக்கிறான், ஐடி இல்ல. நான் பிறந்த இடம் இதுதான் எண்டு சிங்களத்தில எவ்வளவோ சொன்னான், கேக்கேல்ல. பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க."

"இப்ப என்ன செய்யோணுமாம் மாமி?"

"ஐடியக் கொண்டந்து காட்டினா விடுவாங்களாம். பின்னேரம் ட்ரக் வருமாம் மகள். காட்டாத ஆக்கள அதில ஏத்தி அனுப்புவாங்களாம்."

எங்கே அனுப்புவார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படி ஏற்றப்பட்டவர்களில் சிலர் மாதக்கணக்கில் ஏதோ ஒரு முகாமில் கிடந்துவிட்டு வந்தார்கள். மாமியின் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் மகன் வரவேயில்லை. அந்த வீட்டுக்காரி ஒவ்வொரு நாளும் வாசல் லைற்றை அணைக்காமல் படுக்கிறாள் என்று என் கணவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார்.

நான் படியேறி ஓடிப்போய் அலுமாரியைக் கிளறினேன். பழைய பேர்ஸ் கிடந்தது. அதன் பின்மடிப்பில், காசு வைக்கும் இடத்துக்கும் அடியில், அடையாள அட்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பயம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குத் தலை கிறுகிறுக்கும் அளவுக்குப் பெருமை. அந்தக் கூடை காலையில் குப்பை வண்டிக்குப் போய்விட்டது. நான் எடுக்காமல் விட்டிருந்தால் அட்டையும் போயிருக்கும். நான் யார்? எதையும் எறியாதவள்.

வீட்டுக்கார அம்மா ஓட்டோ பிடித்துப் போ பிள்ளை என்றார். ஓட்டோவுக்குச் சந்தியில் நின்று கை காட்டவேண்டும், கொட்டாஞ்சேனை என்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள், பஸ் என்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எல்லாரையும் இறக்கி ஏற்றுவார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். சைக்கிள்தான் அம்மா விசயம், எங்கேயும் நிற்காமல் நுழைந்து போய்விடும் என்றேன். அந்த நேரத்திலும் ஒரு சொற்பொழிவு.

காலி வீதியில் நான் ஓடிய ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தால் பரிசு கொடுத்திருப்பார்கள். மிதிக்க மிதிக்க மனதுக்குள் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன். அவர் பொலிஸ் வாசலுக்கு வெளியே வருவார். நான் பழைய பேர்ஸை நீட்டுவேன். அவர் தலை குனிவார். பிறகு ஆரம்பிப்பேன். ஒரு பொருளை எறிய முதல் மனிதன் யோசிக்கவேண்டும் என்று தொடங்கி, பிரஷ், குடை, கொலர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் செயினுக்கு வரவேண்டும் என்று திட்டம். பம்பலப்பிட்டியில் அந்தப் பேச்சு செயினுக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது காலுக்குக் கீழே டப் என்று ஒரு சத்தம், பெடல் வெறுமனே சுற்றியது, நான் கிட்டத்தட்ட ஹேண்டிலுக்கு மேலால் போய்த் தப்பினேன். திரும்பிப் பார்த்தால் செயின் றோட்டில் செத்த பாம்புபோலக் கிடந்தது.

பொறுக்கி எடுத்தேன். கடைசியாக நான் தட்டிப் பூட்டிய அதே கண்ணி வாய் பிளந்திருந்தது. கல்லொன்றைத் தேடி எடுத்து நடைபாதை ஓரமாகக் குந்தினேன். ஊரில் என்றால் சுத்தியலும் ஆணியும் கரியரில் இருக்கும். கொழும்பில் பைக்குள் இரும்புச் சாமான் வைத்துக்கொண்டு திரிய யாருக்குத் துணிவு வரும்? கல்லால் குத்தினேன், என் பெருவிரலில் பட்டது. மறுபடியும் குத்தினேன், அதே விரல். சாவடியில் நின்ற ஆமிக்காரர் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு வந்தார். பெரிய கட்டடங்களுக்கு முன்னால் குந்தியிருந்து ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கிற தமிழ்ப் பெண் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பாள் என்று இப்போது நினைத்தால் எனக்கே பயம் வருகிறது.

"மெதன நவத்தன்ன பே, நோனா. யன்ன, யன்ன," என்றார். இங்கே நிற்க முடியாது, போ என்கிறார்.

எழுந்து சைக்கிளைத் தள்ளினேன். அப்போதுதான் என் புத்திக்கு ஒரு விசயம் எட்டியது. ஓட்டோ பிடிக்கலாம், ஆனால் இந்தச் சைக்கிளை என்ன செய்வது? ஓட்டோவில் ஏறாது. பஸ்ஸில் ஏறாது. சுவரில் சாத்திவிட்டுப் போகலாம் என்றால், அந்த வருடங்களில் ஆளில்லாத சைக்கிள் என்றால் குண்டு. யாராவது ஒருவர் கத்துவார், வீதியை மறிப்பார்கள், கடைகளை மூடுவார்கள், பிறகு என்னையும் தேடுவார்கள். திருடனாவது கொண்டுபோவான் என்று நம்பமுடியாது, திருடனும் தொடமாட்டான். இரண்டு சில்லுகளில் என்னைச் சுமந்து வந்த சைக்கிளை நான் சுமக்கவேண்டியதாகப் போயிற்று.

கடை கடையாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் மட்டும் வைத்திருங்கோ, பிறகு வந்து எடுக்கிறேன். புடவைக்கடையில் முடியாது என்றார்கள். பேக்கரியில் நான் வாசலுக்கு வரமுதலே கையை ஆட்டினார்கள். அவர்களில் பிழை இல்லை, நானென்றாலும் வாங்கியிருக்க மாட்டேன். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ட்ரக் எத்தனை மணிக்கு வரும் என்று மாமி சொல்லவில்லை, பின்னேரம் என்றுதான் சொன்னார். பின்னேரம் எப்போது தொடங்குகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அழுதால் சனம் பார்க்கும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளினேன், மூக்கெல்லாம் செயின் கறுப்பு.

ஒரு ஹார்ட்வெயார் கடையில் முதலாளி மட்டும் நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். தொப்பி போட்ட, தாடி நரைத்த முஸ்லிம் மனிதர்.

"தங்கச்சி, ஒங்கட நெலம எனக்கு வெளங்குது. ஆனா நானும் புள்ளகுட்டிக்காரன். இத உள்ளுக்கு வெச்ச பொறகு பொலிஸ் வந்து இது யார்ட சைக்கிள்னு கேட்டா நான் என்னத்த சொல்ற? ஒங்கட ஐடிய தந்துட்டுப் போங்க. சைக்கிள எடுக்க வரக்குள்ள தாரன். சைக்கிள் போனாத்தான் ஐடி."

நியாயமான பேச்சு. என் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக் காட்டினார். சைக்கிளை பெயின்ற் டின்களுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, அவரே றோட்டுக்கு வந்து ஒரு ஓட்டோவை மறித்தும் தந்தார். கொட்டாஞ்சேனை என்றதும் ஓட்டோக்காரர் மறுக்காமல் ஏற்றிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. அட்டையில்லாமல் கொழும்பில் போகிறேன் என்பது கோட்டைச் சாவடியில்தான் உறைத்தது. ஆமிக்காரர் குனிந்து பார்த்தார். நான் கையில் இருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினேன். மீசையோடு என் கணவர் அதில் முறைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் ஆமிக்காரருக்கு அது தெரியவில்லைப் போலும், போகச் சொன்னார்.

பொலிஸ் நிலைய முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். ட்ரக் இன்னும் வரவில்லை. என் கணவர் புது பேர்ஸைக் கையில் பிடித்தபடி மதிலோரம் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், பக்கத்தில் நின்ற காவலர் இருக்கச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் தயாரித்த பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. அவர் பயந்திருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ற் அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பதிந்துகொண்டார். சரி என்று தலையை ஆட்டி அட்டையை என் கணவரிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நோனாகே ஐடென்டிட்டி எக்க கோ?"

உன்னுடையது எங்கே என்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களம் மீன் வாங்கப் போதும். செயின் அறுந்தது, கடை, பெயின்ற் டின், தாடி என்று கையாலும் காலாலும் சொன்னேன். என் கணவர் எழும்பி வந்து நல்ல சிங்களத்தில் விளக்கினார். சார்ஜன்ற் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்டுமுடித்துவிட்டு என் கணவரிடம் வாசலைக் காட்டினார், என்னிடம் இருப்பதற்கு மர வாங்கைக் காட்டினார்.

"எயா யன்ன. நோனா இன்ன."

அவர் போகலாம், நீ இரு. சட்டம் அப்படி. என் அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் என்னையும் விடுவார்கள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கடையின் இடத்தைச் சொன்னேன். அவர் விரைவாக வெளியே போனார். கணவனை மீட்க வந்து அந்த இடத்திலேயே தான் குந்திய பெண் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. கொழும்பில் உள்ள அத்தனை முட்டாள்களுக்கும் ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவிக்குப் போட்டியே இருந்திருக்காது.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஜிந்துப்பிட்டியில் இருந்து வந்த ஒரு தாய் இருந்தார், மகனுக்காக வந்தவர். நடந்ததைக் கேட்டார். சொன்னேன். அவர் என் கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார், கறுப்பு போகவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு இங்க திரும்பி வர மாட்டாரும்மா," என்றார் மெதுவாக. "வரவும் கூடாது. ஒரு தடவ வெளிய போன ஆம்பள இந்த வாசல மறுபடி மிதிக்கலாமா? இன்னொருத்தர் பிடிச்சு வெச்சுக்கிட்டா என்ன செய்வீங்க? பொம்பள யாரையாச்சும் அனுப்புவாரு, பாருங்க."

அவர் சொன்னது சரி. அப்போது அதுதான் புத்தியுள்ள வழக்கம். பொலிசுக்குப் பெண்கள் போவார்கள், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அவர் வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். மாமியை அனுப்பட்டும், அந்தோனியாரே, அவருக்கு அந்தப் புத்தியைக் கொடும் என்றேன். அப்படி வேண்டிக்கொண்டே வாசலை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டும் இருந்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடிகிறது.

நேரம் போனது. ஓட்டோவில் போனால் எப்போதோ வந்திருக்கவேண்டும். அந்த முதலாளி சைக்கிள் போனால்தான் ஐடி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இவர் தன்னுடைய அட்டையை அங்கே வைத்துவிட்டு என்னுடையதைக் கொண்டுவந்தால், பிறகு நான் போய் அவருடையதை எடுக்க, இப்படியே நாங்கள் இருவரும் கிழடாகும்வரை பம்பலப்பிட்டிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் நடக்கலாம். அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான் நின்றது ஹார்ட்வெயார் கடை. என் தலைக்கு மேலே வரிசையாகச் சுத்தியல்கள் தொங்கின. பக்கத்தில் ஆணி, அளவு அளவாக, டின் டின்னாக. செயின் பூட்டுவதில் ஊருக்கே உபதேசம் செய்தவள் அதற்குக் கீழே நின்று அழுதுவிட்டு, அட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வாங்கில் இருந்தபடியே என் தலையில் ஒரு குட்டுக் குட்டினேன். அந்தத் தாய் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தானும் கும்பிட்டார்.

முற்றத்துக்குள் ட்ரக் வந்தது. அதன் பின்பக்கம் வரிசையை நோக்கும்படி திருப்பி நிறுத்தினார்கள். நிலத்தில் இருந்தவர்களை எழும்பச் சொன்னார்கள். ஜிந்துப்பிட்டித் தாய் எழுந்து ஓடினார், அவருடைய மகனும் அந்த வரிசையில்தான் நின்றான். அவர் கத்தவில்லை. அவனுடைய பெயரைச் சும்மா கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். இந்த நேரத்தில் அவர் வரக்கூடாது, இந்த நேரத்தில் மட்டும் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் வந்தார். லேடீஸ் சைக்கிளில், முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் இடிபட, பெரிய மனிதர் ஒருவர் வாசலால் நுழைந்து, ட்ரக்குக்குப் பக்கத்தாலேயே வந்து இறங்கினார். என்னோடு கடைக்குப் போகும்போதும் அந்தச் சைக்கிளை விட்டுத் தள்ளி நடக்கிறவர் அவர். சைக்கிளைச் சுவரில் சாத்தினார். காலையில் போட்டுப்போன வெள்ளைச் சட்டை நெஞ்சிலிருந்து இடுப்புவரை கறுப்பு. உள்ளே வந்து சார்ஜன்றின் மேசையில் என் அட்டையை வைத்தார், அதற்குப் பக்கத்தில் தன்னுடையதையும் கேட்காமலே வைத்தார். சார்ஜன்ற் பார்த்தார். இரண்டையும் சேர்த்துத் திருப்பித் தள்ளிவிட்டார்.

வாசலுக்கு வெளியே வந்து ஒழுங்கை திரும்பும்வரை நாங்கள் வேகமாக நடந்தோம். திரும்பியதும் நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். செயினைக் குனிந்து பார்த்தேன். புதுச் செயின் இல்லை. அதே என்னுடைய பழைய செயின், பிளந்த கண்ணியைக் கழற்றி, இன்னும் ஒரு கண்ணி குறைத்துப் பூட்டியிருந்தது. ஆணி கொஞ்சம் கோணல். நானென்றால் இன்னும் நேராக அடித்திருப்பேன்.

"புதுசு ஒண்டு வாங்கியிருக்கலாமே," என்றேன். என் வாயிலிருந்து அந்த வசனம் வந்ததை நானே நம்பவில்லை.

"பக்கத்தில சைக்கிள் கடை இல்ல. தேடப்போனா நேரமாகும். கடைக்கார நானாட்ட சுத்தியல் வாங்கித் தட்டினன்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எத்தின நாள் வாசல்ல குந்தியிருந்து தட்டினீர். ரேடியோ கேக்கிறன் எண்டா நினைச்சீர்?"

அப்போது எனக்கு அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சி அடக்குகிற அழுகை இல்லை. அவர் கைலேஞ்சியைத் தேடினார், அதுவும் கறுப்பு. நான் அவரைத் திட்டினேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

"ட்ரக் நிண்டது கண்டனீங்கள்தானே? கண்டுகொண்டும் உள்ளுக்கு வந்தனீங்கள். உங்களையும் ஏத்தியிருந்தால்? வாற வழியில மாமியிட்டக் குடுத்து அனுப்பியிருக்கலாமே. அறிவில்லையே உங்களுக்கு?"

அவர் ஹேண்டிலை நேராக்கினார்.

"அம்மாக்கு சைக்கிள் ஓடத் தெரியாதே," என்றார்.

மாமியின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். தினமும் பூசைக்கு அந்தப் பொலிஸ் வாசலைத் தாண்டித்தான் மாமி நடந்து போவார். அது என் கணவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பின்னால் கரியரில் ஏறி இருந்தேன். அவர் மிதித்தார்.